பௌதிகவியல் தொடங்குகிறவர்களுக்கு: பிரிவுகளும் அவை ஒன்றுசேர்ந்த இடங்களும்

சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்ததும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: பிள்ளை கணிதப் பிரிவா, உயிரியல் பிரிவா? எதை எடுத்தாலும் பெரும்பாலும் பௌதிகவியல் கூடவே வந்துவிடும். வந்த முதல் வாரத்திலேயே பிள்ளையின் கையில் ஒரு பட்டியல் கிடைக்கும்: அளவீடு, இயக்கவியல், அலைகள், வெப்பம், புலங்கள், மின்னோட்டம், இலத்திரனியல், சடமும் கதிர்ப்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடித்த குறிப்புக் கொப்பி. ஒவ்வொன்றிலும் ஒரு விஞ்ஞானியின் பெயர், அவர் பெயரில் ஒரு விதி, விதிக்குக் கீழே ஒரு சூத்திரம்.

படிப்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்பதால் இந்தப் பட்டியலை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பௌதிகவியல் வளர்ந்த கதை இப்படிக் கொப்பி கொப்பியாகப் பிரிந்து கிடக்கும் கதையல்ல. சம்பந்தமே இல்லாதவை என்று எல்லாரும் நினைத்த இரண்டு விஷயங்களை ஒருவர் எடுத்து, இரண்டும் ஒன்றுதான் என்று காட்டியபோதெல்லாம் அது பெரும் பாய்ச்சல் பாய்ந்திருக்கிறது. வானத்தில் நடப்பதும் தரையில் நடப்பதும் ஒன்று என்றார் நியூட்டன். மின்னும் காந்தமும் ஒளியும் ஒன்று என்றார் மக்ஸ்வெல். புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: பிரிவுகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, அவை எங்கே ஒன்றுசேர்ந்தன என்பதைக் கவனியுங்கள். பாடம் அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

பௌதிகவியல் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடலாம். சடம், சக்தி, வெளி, காலம் ஆகிய நான்கும் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராயும் விஞ்ஞானம் அது. ‘ஏன்’ என்று கேட்பதோடு நில்லாமல் ‘எவ்வளவு’ என்றும் கேட்கும். கேட்டு, அளந்து, அளந்ததிலிருந்து ஒரு விதியை ஊகித்து, அந்த விதியை வைத்து இன்னும் நடக்காத ஒன்றை முன்கூட்டியே சொல்லும். சொன்னது நடக்கவில்லை என்றால் விதியைத் தூக்கி வைத்துவிட வேண்டியதுதான். எவ்வளவு பெரிய ஆள் சொன்ன விதியாக இருந்தாலும் சரி.

தேங்காயும் சந்திரனும்

இயக்கவியல்தான் மூத்த பிள்ளை. பொருள்கள் ஏன் அசைகின்றன, ஏன் நிற்கின்றன, விசை கொடுத்தால் என்ன ஆகும் என்பதே அதன் கேள்வி. பாரமான பொருள் வேகமாக விழும் என்று அரிஸ்டோட்டில் சொன்னதை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெரும்பாலானோர் ஏற்றிருந்தார்கள். இத்தாலியரான கலிலியோ (1564–1642) அதை அளந்து பார்க்கப் புறப்பட்டார். நேராக விழும் பொருளை அளக்கும் அளவுக்கு அன்று துல்லியமான மணிக்கூடு கிடையாது. அதனால் அவர் விழுதலையே மெதுவாக்கினார். சாய்வான பலகையில் ஒரு பந்தை உருட்டிவிட்டு, பாத்திரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரை நிறுத்து நேரத்தைக் கணக்கிட்டார். சம நேர இடைவெளிகளில் பந்து கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒழுங்கில் கூடிக்கொண்டு போயின. பந்து பாரமோ இலேசோ, ஒழுங்கு மாறவில்லை. சீரான ஆர்முடுகல், அதாவது வேகம் ஒரே சீராகக் கூடிக்கொண்டு போவது, என்று இன்று நாம் படிக்கும் பாடம் அந்தப் பலகையில் பிறந்தது.

அடுத்து வந்தவர் ஐசாக் நியூட்டன். மூன்று இயக்க விதிகளையும் ஈர்ப்பு விதியையும் 1687இல் வெளியிட்டார். விதிகளை ஒப்புவிக்கத் தெரிந்த பிள்ளைகள் பலருக்கும் அவற்றில் எது துணிச்சல் என்று தெரிவதில்லை. அந்த ஒரு கணக்கை மட்டும் இங்கே போட்டுப் பார்ப்போம்.

தென்னையிலிருந்து கழன்ற தேங்காய் முதல் ஒரு செக்கனில் 4.9 மீற்றர் விழும். அப்போது அது பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஓர் ஆரையளவு தூரத்தில் இருக்கிறது. சந்திரனோ ஏறத்தாழ 60 ஆரை தூரத்தில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்புக் குறையும் என்பது நியூட்டனின் ஊகம். 60ஐ 60ஆல் பெருக்கினால் 3600. அப்படியானால் சந்திரன் ஒரு செக்கனில் 4.9 மீற்றரில் 3600இல் ஒரு பங்குதான், அதாவது ஏறத்தாழ 1.4 மில்லிமீற்றர்தான் பூமியை நோக்கி விழ வேண்டும். சந்திரன் விழுகிறதா? விழுகிறது. செக்கனுக்கு சுமார் ஒரு கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றி வளைகிறது. சுற்றுப்பாதையின் ஆரை 384,400 கிலோமீற்றர், ஒரு சுற்றுக்கு 27.3 நாள் என்ற இரண்டு எண்களை வைத்துத் தனியாகக் கணக்கிட்டாலும் அதே 1.4 மில்லிமீற்றர்தான் வருகிறது. கல்குலேற்றரில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். வானத்துக்கு ஒரு சட்டம், மண்ணுக்கு ஒரு சட்டம் என்றிருந்த பிரிவினை அந்த இரண்டு எண்களும் பொருந்திய இடத்தில் முடிந்துபோனது.

ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பூமி சுழல்வதாலும் நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதாலும், மத்திய கோட்டை அண்டிய கொழும்பில் ஈர்ப்பு ஆர்முடுகல் (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு எத்தனை மீற்றர் கூடுகிறது என்பது) 9.78 அளவில் இருக்கிறது, துருவங்களில் 9.83. நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உலகின் மிகப் பெரிய ஈர்ப்புக் குறைபாடு ஒன்றும் உண்டு. அங்கே கடல்மட்டம், பூமிக்குக் கணித்த சீரான வடிவத்தைவிட நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்குக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செய்மதிகள் அளந்து காட்டியிருக்கின்றன. இப்படிப் பூமியை ஆராய்வது புவிப்பௌதிகவியல்.

கரையோர ரயிலின் ஊதல்

அலைகளும் ஒலியும் அடுத்த பிரிவு. இதைப் படிக்கக் கொழும்பைப் போல வசதியான ஊர் இல்லை என்பேன். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் கடலோரமாக ஓடும் ரயில் பாதையருகே, பாதுகாப்பான தூரத்தில் நின்று ஊதலைக் கேளுங்கள். கிட்ட வரும்போது ஒரு சுருதி, உங்களைத் தாண்டியதும் சட்டென்று இறங்கிய இன்னொரு சுருதி. ரயில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர். நம் வெப்பநிலையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு சுமார் 350 மீற்றர். கணக்குப் போட்டால் முன்னும் பின்னும் கேட்கும் மீடிறன்களுக்கிடையில் (மீடிறன் என்பது ஒரு செக்கனில் வரும் அலைகளின் எண்ணிக்கை) 10 சதவீத வித்தியாசம் வரும். சங்கீதம் படித்தவர்களுக்குச் சொன்னால், ஏறத்தாழ ‘ரி’யிலிருந்து ‘ச’வுக்கு இறங்கும் இடைவெளி. ரயில் சாரதி ஊதலை மாற்றவில்லை. ரயில் முன்னேறி வருவதால் அதன் முன்னால் அலைகள் நெருங்கிவிடுகின்றன, பின்னால் அகன்றுவிடுகின்றன. அவ்வளவுதான்.

ஒஸ்திரியரான கிறிஸ்டியன் டொப்ளர் 1842இல் இதைக் காகிதத்தில் கணித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தில் பைஸ் பலோட் என்பவர் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகப் பிடிக்கும். ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொன்னார். நல்ல காது உள்ள இசைக் கலைஞர்களைப் பாதையோரம் நிறுத்தி, கேட்ட சுரத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். கருவி இல்லாத காலத்தில் மனிதக் காதே அளவுகோலாக இருந்தது. டொப்ளர் சொன்னது சரியென்று வந்தது.

அந்த ஊதல் எங்கெங்கோ போயிற்று. பொலிஸ்காரர் கையில் பிடிக்கும் வேகமானி இதே விதியில்தான் இயங்குகிறது. வைத்தியசாலையில் இதயத்தை ஸ்கேன் செய்யும்போது குருதி எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று வர்ணத்தில் காட்டுவதும் இதுவே. தூர விண்மீன் மண்டலங்களின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைத் தூரத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகமாக அவை விலகுகின்றன என்று எட்வின் ஹபிள் 1929இல் காட்டினார். பிரபஞ்சம் விரிகிறது என்ற எண்ணத்துக்கு அது பெரிய சான்றாயிற்று. ஒலியைப் பற்றிய பாடம் வானியலுக்குள் நுழைந்த வழி அது.

இடியும் மின்னலும் ஒலிப் பாடம்தான். ஏப்ரல் மாதப் பின்னேரங்களில் மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க 3 செக்கன் எடுத்தால் மின்னல் ஒரு கிலோமீற்றர் தூரத்தில். எண்ணுவதை வீட்டுக்குள் இருந்து செய்யுங்கள்.

வெப்பம் என்பது ஒரு பொருளல்ல

வெப்பத்தைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி. ஃபேன் அறையைக் குளிராக்குமா? ஆக்காது. அதன் மோட்டர் சூடாவதால் பூட்டிய அறை இம்மியளவு சூடாகத்தான் செய்யும். குளிர்வது நம் தோல். வியர்வை ஆவியாக மாற வெப்பம் தேவை, அதைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தோலருகே தேங்கிய ஈரக் காற்றை ஃபேன் தள்ளிவிடுவதால் ஆவியாதல் வேகமாகிறது. கொழும்பில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் காயாது. அதே 31 பாகை கொழும்பில் அவிப்பதும், உலர்ந்த ஓர் ஊரில் தாங்கக்கூடியதாக இருப்பதும் இதனால்தான்.

வெப்பம் என்பது ஒருவகைத் திரவம், அது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் பாய்கிறது என்றுதான் 18ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். ஜேம்ஸ் யூல் 1840களில் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தை வைத்து, கீழே இறங்கும் பாரத்தால் அதைச் சுழற்றினார். தண்ணீர் சூடானது. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்று திரும்பத் திரும்ப அளந்தார். ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4.2 யூல் வேண்டும். இதை வைத்து நம் நாட்டின் உயரமான அருவியான பம்பரகந்தையைக் கணக்கிடலாம்: 263 மீற்றர் விழும் தண்ணீரின் சக்தி முழுவதும் வெப்பமானால் கீழே அது 0.6 பாகைதான் கூடுதலாகச் சூடாகியிருக்கும். இத்தனை பெரிய வீழ்ச்சிக்கு இவ்வளவு சிறிய வெப்பம். வெப்பத்துக்குள் எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்று அந்த எண் காட்டுகிறது.

பிறகு லுட்விக் போல்ட்ஸ்மன் (1844–1906) போன்றோர் வந்து வெப்பத்தை இயக்கவியலோடு இணைத்தார்கள். வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் துள்ளல். நீங்கள் இருக்கும் அறையின் காற்று மூலக்கூறுகள் செக்கனுக்கு 500 மீற்றர் அளவில் பறந்து முட்டிக்கொண்டிருக்கின்றன. சூடான தேநீர் தானாக ஆறுகிறது, ஆறிய தேநீர் தானாகச் சூடாவதில்லை. இதற்குக் காரணம் எண்ணிக்கைதான். சக்தி பரவிக் கிடக்கக்கூடிய வழிகள் கணக்கில்லாதவை, ஓரிடத்தில் குவிந்திருக்கும் வழிகள் மிகச் சில. அணு என்று ஒன்று உண்டா என்றே சந்தேகித்த அறிஞர்கள் இருந்த காலத்தில் இதைச் சொன்னார் போல்ட்ஸ்மன். அணு எல்லாராலும் ஏற்கப்படுவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை என்பது எனக்கு இன்றும் மனவருத்தம் தரும் செய்தி.

லக்ஷபானையிலிருந்து உங்கள் மின்குமிழ் வரை

மின், காந்தம், ஒளி மூன்றும் சேர்ந்த கதைதான் பௌதிகவியலிலேயே எனக்கு மிகப் பெரிய கதை.

1820 வரை மின் ஒரு பக்கம், காந்தம் இன்னொரு பக்கம். அந்த ஆண்டு டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியருகே திசைகாட்டியின் ஊசி திரும்புவதைக் கண்டார். மின்னால் காந்தம் பிறந்தால், காந்தத்தால் மின் பிறக்காதா? லண்டனில் மைக்கேல் பரடே இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கொல்லரின் மகன். பள்ளிப் படிப்பு சொற்பம். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியபோது, கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானம் கற்றவர். 1831இல் அவருக்கு விடை கிடைத்தது. காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றும் நடக்காது. கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைத் தள்ளும்போதும் இழுக்கும்போதும் மட்டும் மின்னோட்டம் பாய்கிறது. அதாவது மாற்றம்தான் முக்கியம். இத்தனை பேர் அதுவரை தவறவிட்டது இந்த இடத்தைத்தான்: அவர்கள் காந்தத்தை வைத்துவிட்டு அளந்தார்கள், பரடே அசையும் கணத்தில் அளந்தார்.

இலங்கையில் இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பைச் சரியாக உணர்ந்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர (1874–1953). மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்கோடு எழுதி வைத்தார். லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. அங்கே நடப்பது பரடேயின் பரிசோதனையேதான், அளவுதான் பெரிது: விழும் தண்ணீர் சுழலியைத் திருப்ப, சுருள்களுக்கு நடுவே காந்தம் சுழல்கிறது.

வீட்டு மின்பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு அலகு என்பது 36 இலட்சம் யூல். ஒரு தொன் தண்ணீர் 100 மீற்றர் விழுந்தால் கிடைப்பது ஏறத்தாழ 9.8 இலட்சம் யூல். எந்த இழப்பும் இல்லை என்று வைத்தாலும் ஒரே ஒரு அலகுக்கு 3.7 தொன் தண்ணீர் நூறு மீற்றர் விழ வேண்டும். யாருமில்லாத அறையில் ஃபேனை ஓடவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். இன்னொன்று: கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. மலையில் சுழலியைத் திருப்பிய அதே தண்ணீர் கீழே இறங்கி, அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்பு வீடுகளின் குழாயிலும் வருகிறது.

பரடே கண்டதைக் கணித மொழியில் எழுதியவர் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். 1860களில் அவர் சமன்பாடுகளை எழுதியபோது எதிர்பாராத ஒன்று வெளியே வந்தது. மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு அலையாக வெளியில் ஓடலாம் என்றன சமன்பாடுகள். அந்த அலையின் வேகம் எவ்வளவு? ஆய்வுகூடத்தில் மின்னேற்றங்களையும் மின்னோட்டங்களையும் வைத்து அளந்த எண்களைப் போட்டார். செக்கனுக்கு சுமார் 3 இலட்சம் கிலோமீற்றர் என்று வந்தது. அது ஒளியின் வேகம்! விளக்கையோ கண்ணாடியையோ தொடாமல், மின்னை மட்டும் அளந்து ஒளியின் வேகத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். ஒளியும் மின்காந்த அலையே.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத மற்ற அலைகளும் இருக்க வேண்டும். ஜேர்மனியில் ஹைன்றிச் ஹேர்ட்ஸ் 1887இலும் அடுத்த ஆண்டிலும் அவற்றை உண்டாக்கிக் காட்டினார். நாற்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை, 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. ஆசியாவின் முன்னோடி வானொலிகளில் அதுவும் ஒன்று. இன்று வைஃபையும் கைத்தொலைபேசியும் புளூடூத்தும் இயங்குவது இத்தகைய அலைகளில்தான். எல்லாம் மக்ஸ்வெலின் அலைகளே.

ஒளியியல் இதைவிடப் பழையது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாகச் சொன்ன கருத்தை மறுத்து, ஒளி பொருளிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்று பரிசோதனைகளோடு விளக்கியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். நம் மொழி பேசியவர்களில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1921இல் கப்பலில் மத்திய தரைக்கடலைக் கடந்தபோது அதன் நீலம் அவரை உலுக்கியது. வானத்தின் தெறிப்புத்தான் கடலின் நீலம் என்று பெரிய அறிஞர்கள் சொல்லியிருந்தார்கள். இராமன் கையிலிருந்த முனைவாக்கும் அரியம் ஒன்றால் மேற்பரப்புத் தெறிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதும் ஒரு காரணம் என்று இன்று தெரியும். ஆனால் சிதறலைப் பின்தொடர்ந்து போனதால்தான் 1928 பெப்ரவரி 28இல், கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து, சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருவதை, அதாவது இராமன் விளைவைக் கண்டார். 1930இல் நோபல் பரிசு.

நவீன பௌதிகவியல்

19ஆம் நூற்றாண்டு முடியும்போது பாடம் ஏறத்தாழ நிறைவடைந்துவிட்டது போலத் தெரிந்தது. அப்போது வரிசையாக வந்து விழுந்தன: 1895இல் ரொன்ட்ஜனின் எக்ஸ் கதிர், 1896இல் பெக்கரல் கண்ட கதிர்த்தொழிற்பாடு, 1897இல் தொம்சனின் இலத்திரன், 1898இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் பிரித்தறிந்த பொலோனியமும் ரேடியமும். மேரி கியூரிக்கு 1903இல் பௌதிகவியலுக்கும் 1911இல் இரசாயனவியலுக்கும் நோபல் கிடைத்தது. இரண்டு வெவ்வேறு விஞ்ஞானத் துறைகளில் அதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை என்ற வழி அந்தக் காலத்து ஆய்வுகளிலிருந்தே பிறந்தது.

1911இல் ரதர்போர்ட் அணுவுக்குள் ஒரு கரு இருப்பதைக் காட்டினார். மெல்லிய பொன் தகட்டின் மேல் அல்பாத் துணிக்கைகளை எய்தபோது ஏறத்தாழ எல்லாம் ஊடுருவிப் போயின, பல ஆயிரத்தில் ஒன்று மட்டும் பின்னோக்கித் தெறித்தது. அணுவின் பெரும்பகுதி வெறும் வெளி. ஐதரசன் அணுவின் கருவை ஒரு கச்சான் கொட்டையாக்கிக் காலிமுகத்திடலின் நடுவில் வைத்தால், இலத்திரன் உலவும் பிரதேசம் அரைக் கிலோமீற்றருக்கு மேல் விரியும்.

இவ்வளவு சின்ன உலகத்தில் நியூட்டனின் விதிகள் எடுபடவில்லை. சக்தி பொட்டலம் பொட்டலமாகவே கைமாறுகிறது என்று மக்ஸ் பிளாங்க் 1900இல் முன்வைத்தார். ஒளியே அப்படித்தான் என்று ஐன்ஸ்டைன் 1905இல் மேலும் ஒரு படி போனார். போர், ஹைசன்பேர்க், சுரோடிங்கர் ஆகியோர் கட்டியெழுப்பிய சொட்டுப் பொறிமுறையை (குவாண்டம் பொறிமுறை), வெளியையும் காலத்தையும் பற்றிய ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையோடு 1928இல் இணைத்தவர் போல் டிராக். அந்த இணைப்பிலிருந்து யாரும் கேட்காமலே எதிர்ச்சடம், அதாவது அதே திணிவும் எதிர் மின்னேற்றமும் உள்ள துணிக்கைகள், வெளியே வந்தது. நான்கு ஆண்டுகளில் இலத்திரனின் எதிர்த்துணிக்கையான பொசித்திரன் கண்டுபிடிக்கப்பட்டது. டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஒரு தமிழர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். பின்னர் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். அதே பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் பேராசிரியராகவும் விஞ்ஞான பீடாதிபதியாகவும் இருந்தவர் ஏ. டபிள்யூ. மயில்வாகனம். இந்தப் பெயர்கள் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாமல் போனது நியாயமல்ல. நியூட்டனின் படம் தொங்கும் வகுப்பறையில் இவர்களுக்கும் ஓரிடம் இருக்கட்டும்.

ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கை எங்கோ கருந்துளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிக்மீ செயலியில் முச்சக்கர வண்டி கூப்பிடும்போது உங்கள் இருப்பிடத்தை ஜிபிஎஸ் செய்மதிகளின் மணிக்கூடுகள்தான் சொல்கின்றன. செய்மதிகள் வேகமாகப் பறப்பதால் அந்த மணிக்கூடுகள் நாளுக்கு 7 மைக்ரோசெக்கன் (செக்கனின் பத்து இலட்சத்தில் ஏழு பங்கு) பிந்தும், ஈர்ப்புக் குறைந்த உயரத்தில் இருப்பதால் 45 மைக்ரோசெக்கன் முந்தும். கழித்தால் 38 மைக்ரோசெக்கன் முந்தல். ஒளி அந்த நேரத்தில் 11 கிலோமீற்றர் போய்விடும். திருத்தம் செய்யாவிட்டால், கொள்ளுப்பிட்டியில் நிற்கும் உங்களை ஒரே நாளில் இரத்மலானையில் நிறுத்திவிடும் அளவு பிழை.

மற்றப் பிரிவுகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். திண்மங்களை ஆராயும் பிரிவு 1947இல் திரான்சிஸ்டரைத் தந்தது, உங்கள் கைபேசிக்குள் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன. துணிக்கைப் பௌதிகவியல் 2012இல் ஹிக்ஸ் துணிக்கையைக் கண்டது. வான்பௌதிகவியலில், இராமனின் பெறாமகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீனின் திணிவுக்கு எல்லை உண்டு என்று கணக்கிட்டார். அந்த எல்லை சூரியனின் திணிவைப்போல் 1.4 மடங்கு. 1983இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அந்தக் கணக்கிலும் சொட்டுக் கொள்கை, சார்புக் கொள்கை, ஈர்ப்பு மூன்றும் ஒன்றுசேர்ந்தே நிற்கின்றன.

எங்கே தொடங்குவது

சூத்திரத்தில் தொடங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ரியூஷன் வகுப்பில் கடந்தகால வினாத்தாள் செய்வது பரீட்சைக்கு வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன் ஒரு எண்ணையாவது உங்கள் கையால் அளந்திருக்க வேண்டும்.

ஒரு மீற்றர் நூல், ஒரு சிறிய பாரமான குண்டு, கைபேசியின் நிறுத்தக் கடிகாரம். இவை போதும். நூலை ஜன்னல் சட்டத்தில் இறுகக் கட்டி, குண்டைக் கொஞ்சமாக, பத்துப் பாகைக்கு மேல் போகாமல், ஒரு பக்கம் இழுத்து விடுங்கள். 20 முழு அலைவுகளுக்கு எடுக்கும் நேரத்தை அளந்து 20ஆல் வகுத்தால் ஓர் அலைவின் காலம். நூலின் நீளத்தை மீற்றரில் எடுத்து 39.5ஆல் பெருக்கி, அந்தக் காலத்தின் வர்க்கத்தால் வகுங்கள். வருவது நீங்கள் நிற்கும் இடத்தின் ஈர்ப்பு ஆர்முடுகல். ஒரு மீற்றருக்கு 20 அலைவுகள் சுமார் 40 செக்கன் எடுக்கும். கால் மீற்றருக்கு அதில் பாதி. குண்டை மாற்றினால் நேரம் மாறுகிறதா என்பதையும் பாருங்கள்.

நேரத்தில் ஒரு செக்கன் தவறினாலே விடை ஐந்து சதவீதம் தள்ளிப் போகும். 20 அலைவுகள் எடுக்கச் சொல்வது அதனால்தான். ஐம்பது எடுத்தால் இன்னும் நல்லது. 9.6க்கும் 10க்கும் இடையில் வந்தால் அளவீடு நன்று. அதற்கு வெளியே போனால் முதலில் நூலை மறுபடி அளந்து பாருங்கள். குண்டின் மேல் முனை வரை அல்ல, அதன் நடு வரை அளக்க வேண்டும்.